தவறிய படங்களின் கொப்பி: வன்னியில் கமராவையும் லென்ஸையும் படிப்படியாகத் தெரிவுசெய்தல்

வன்னியில் பொழுதுபோக்காகப் படமெடுக்கும் ஒருவரின் கைக்குக் கமரா பெரும்பாலும் மூன்று வழிகளில் வந்து சேர்கிறது. கனடாவிலோ பிரான்சிலோ இருக்கும் மாமா திருவிழாவுக்கு வரும்போது கொண்டு வருகிறார். அல்லது வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ போய்க் கடையில் வாங்குகிறோம். அல்லது கலியாண வீடுகளில் படமெடுக்கும் ஒருவர் புதியது வாங்கியபின் பழையதை விற்கும்போது அதை எடுத்துக்கொள்கிறோம். மூன்று வழிகளிலும் நடக்கும் பிழை ஒன்றுதான். நமக்கு எது தேவை என்று தெரிய வருமுன்னரே, என்ன கிடைக்கிறது என்பது முடிவாகிவிடுகிறது. என் முதல் நான்கு வருடங்களின் செலவில் பெரும்பகுதி இப்படித்தான் போயிற்று. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினால் எந்த ஒழுங்கில் செய்வேனோ, அந்த ஒழுங்கிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

முதற் படி: கொப்பி

கமராவுக்கு முன் ஒரு 40 பக்கக் கொப்பி வாங்குங்கள். கையிலிருக்கும் தொலைபேசியாலேயே இரண்டு மூன்று மாதங்கள் படமெடுங்கள். எடுக்க முயன்று சரிவராமற் போன ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்: திகதி, இடம், நேரம், எதை எடுக்கப் பார்த்தேன், ஏன் சரிவரவில்லை. ‘இரணைமடுக் குளக்கட்டு, மாலை 5.50, நீர்க்காகம் சிறகு விரித்தது, மிகத் தூரம்.’ இவ்வளவு போதும்.

சில வாரங்களில் காரணங்கள் நாலு வகைக்குள் அடங்கிவிடும். தூரம் போதவில்லை, வெளிச்சம் போதவில்லை, ஃபோகஸ் பிடிக்குமுன் காட்சி போய்விட்டது, அல்லது பிழை என்னுடையது. நேரம் பிந்திப் போனேன், சூரியனுக்கு எதிரே நின்றேன், பின்னால் நின்ற மின்கம்பத்தைக் கவனிக்கவில்லை என்பனவெல்லாம் நாலாவது வகை. என் கொப்பியில் பாதிக்கு மேல் அந்த வகைதான் இருந்தது. அதற்கு மருந்து எந்தக் கடையிலும் விற்கப்படுவதில்லை. மீதி மூன்று வகைகளில் எது கூடுதலாக இருக்கிறதோ, பணம் போக வேண்டிய இடம் அதுதான். இந்தக் கொப்பியைத் தொடர்ந்து எழுதுங்கள். பின்வரும் ஒவ்வொரு படியிலும் அது தேவைப்படும்.

இரண்டாம் படி: உடலை அல்ல, மவுண்டைத் தெரிவுசெய்யுங்கள்

கமரா உடல் ஆறேழு வருடங்களில் மாறிவிடும். நல்ல லென்ஸ் இருபது வருடம் உழைக்கும். ஆகவே முதலில் முடிவெடுக்க வேண்டியது மவுண்டை, அதாவது லென்ஸ் வந்து பூட்டும் வளையத்தைப் பற்றித்தான். கெனனின் ஈஎஃப் மவுண்ட் 1987 இலும், நிக்கொனின் எஃப் மவுண்ட் 1959 இலும் வந்தவை. இவ்விரண்டுக்கும் பாவித்த லென்ஸ்கள் நிறையக் கிடைக்கின்றன. உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடியுள்ள எஸ்எல்ஆர் கமராக்களைத் தொழில்முறையாளர்கள் கைவிட்டு வருவதால் விலையும் இறங்கியிருக்கிறது. அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கமராக்களுக்கு சோனியின் ஈ மவுண்ட் 2010 இலும், கெனனின் ஆர்எஃப், நிக்கொனின் இசட் ஆகியவை 2018 இலும் வந்தன. புதிய லென்ஸ்கள் இப்போது இவற்றுக்குத்தான் வருகின்றன.

பணம் குறைவாக இருந்து, படமெடுக்கக் கற்பதே நோக்கமாக இருந்தால், பாவித்த எஸ்எல்ஆர் ஒன்றே இன்றைக்கும் மதிப்பான வழி என்பது என் கருத்து. நிக்கொன் டி3300, டி5300, டி7200, கெனன் 750டி, 80டி போன்றவை பத்து வருடத்துக்கு முந்திய கமராக்களாக இருக்கலாம்; ஆனால் 24 மெகாபிக்ஸல் படம் 6000க்கு 4000 புள்ளிகள் கொண்டது, அதை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல தரத்தில் அச்சிட்டாலே 20 அங்குல அகலம் வரும். சுவரில் மாட்டும் படத்துக்கும் கலியாண அல்பத்துக்கும் அதற்கு மேல் தேவையில்லை. மெகாபிக்ஸல் எண்ணைப் பார்த்து ஒரு ரூபாவும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

கெனன் ஈஎஃப் லென்ஸ்களை அடாப்டர் ஒன்றின் மூலம் ஆர்எஃப் உடல்களில் ஓட்டோ ஃபோகஸுடனேயே பாவிக்கலாம் என்பதால், இன்றைக்கு வாங்கும் பழைய லென்ஸ் நாளைக்கு வீணாகாது. நிக்கொனிலும் அடாப்டர் உண்டு. ஆனால் உள்ளே மோட்டார் உள்ள லென்ஸ்கள்தாம் அதில் தாமாக ஃபோகஸ் செய்யும். கெனனின் ஈஓஎஸ் எம் வரிசை மலிவாகக் கிடைத்தாலும் ஒதுங்கிக்கொள்ளுங்கள். அந்த வரிசையை நிறுவனமே கைவிட்டுவிட்டது, அதன் லென்ஸ்கள் ஆர்எஃப் உடல்களில் பொருந்தா.

நிக்கொனில் இந்த மோட்டார் விடயம் இன்னொரு இடத்திலும் கடிக்கும், நான் கடிபட்டவன். என் முதல் உடல் டி3300. குளத்துப் பறவைகளுக்காக 70-300 மி.மீ. லென்ஸ் (மி.மீ. எண் கூடினால் தூரத்தில் இருப்பது கிட்டத் தெரியும்) ஒன்றைப் பாவித்ததாகத் தேடி, விளம்பரம் பார்த்துப் பக்கத்து மாவட்டத்துக்கு மோட்டார் சைக்கிளில் போய், கண்ணாடி சுத்தமாக இருந்ததைக் கண்டு காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் பூட்டினால் ஃபோகஸ் வளையம் அசையவே இல்லை. விற்றவருக்குத் தொலைபேசி எடுத்தேன். “தம்பி, லென்ஸில ஒரு பிழையும் இல்லை. உங்கட கமராவிலதான் மோட்டார் இல்லை” என்றார். அவர் சொன்னது முழு உண்மை. டி எழுத்துள்ள அந்தப் பழைய லென்ஸ்களைக் கமரா உடலிலுள்ள மோட்டார்தான் திருப்ப வேண்டும். டி3000, டி5000 வரிசை உடல்களில் அந்த மோட்டார் கிடையாது; டி90, டி7000 வரிசைகளில் உண்டு. மாறாக, ஏஎஃப்-பி என்ற எழுத்துள்ள புதிய லென்ஸ்கள் டி90, டி3200, டி5100, டி7000 போன்ற உடல்களில் ஃபோகஸ் செய்யவே மாட்டா. லென்ஸ் வாங்கப் போகும்போது உங்கள் உடலையும் தோளில் கொண்டு போங்கள். இரண்டையும் பூட்டிப் பார்க்காமல் காசை எடுக்காதீர்கள்.

மூன்றாம் படி: பாவித்ததை வாங்கும்போது பரிசோதித்தல்

இதற்குக் குறைந்தது அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

முதலில் லென்ஸ். இரண்டு மூடிகளையும் கழற்றி, அப்பர்ச்சரை, அதாவது ஒளி உள்ளே புகும் துளையை, முழுதாகத் திறந்து, ஒரு பக்கமிருந்து ரோச் லைற்றைச் சரிவாகப் பிடித்து மறுபக்கமிருந்து பாருங்கள். நாலைந்து தூசித் துணிக்கைகள் எல்லா லென்ஸிலும் இருக்கும். அவை படத்தில் தெரியா. நீங்கள் தேடுவது பூஞ்சணத்தை. கண்ணாடியின் ஓரத்திலிருந்து உள்நோக்கி, சிலந்தி நூலைவிட மெல்லிய வெண்ணிழைகள் கிளைவிட்டுப் பரவியிருக்கும். சில வேளைகளில் பனிபடிந்தாற்போல ஒரு மங்கல் மட்டுமே தெரியும். நேராகப் பார்த்தால் இரண்டும் கண்ணுக்குப் படா, ஒளி சரிவாக விழும்போதுதான் எழும்பித் தெரியும். மாரி காலத்தில் அலுமாரிக்குள் பையோடு பூட்டி வைத்த லென்ஸ்களில் இது சாதாரணம். ஓரத்தில் ஒரு பொட்டு என்றாலும் விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள், விட்டுவிடுங்கள். அது கண்ணாடியின் பூச்சைத் தின்றுகொண்டே போகும்.

அடுத்தது உடல். அப்பர்ச்சரை எஃப் 16 இல் வைத்து (எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும்), ஃபோகஸைக் கையால் குலைத்துவிட்டு, வெறும் வானத்தை ஒரு படம் எடுங்கள். திரையில் பெருப்பித்துப் பார்த்தால் படத்தைப் பதியும் சென்சரில் இருக்கும் அழுக்கு சாம்பற் புள்ளிகளாகத் தெரியும். தூசியெனில் துடைக்கலாம், எந்தப் படத்திலும் அசையாத கீறலெனில் வேண்டாம். பிறகு ஷட்டர் எண்ணிக்கையை, அதாவது இதுவரை எத்தனை படம் எடுத்தது என்பதை, கேளுங்கள். நிக்கொனில் அந்த எண் ஒவ்வொரு படத்தின் உள்தரவிலும் பதிவாகிறது, ஒரு படத்தைக் கணினியில் ஏற்றினால் வாசித்துவிடலாம். கெனனில் தனி மென்பொருள் வேண்டும். தொடக்கநிலை உடல்களின் ஷட்டர் 100,000 தடவையளவுக்கும், டி7200 இனுடையது 150,000 தடவைக்கும் சோதிக்கப்பட்டவை. அந்த எண்ணைத் தாண்டியதும் கமரா நின்றுவிடும் என்றில்லை. எனினும் கலியாணப் படப்பிடிப்பாளர் ஒருவரின் கமரா ஒரே நாளில் ஆயிரம் இரண்டாயிரம் தடவை அடித்திருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். 30,000 அடித்த கமராவையும் 130,000 அடித்த கமராவையும் ஒரே விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

கடைசியாக, பத்திரிகைத் தாளொன்றைச் சுவரில் ஒட்டி, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து ஒரு படமெடுத்து, நடுவிலும் நாலு மூலைகளிலும் எழுத்துகள் ஒரே அளவு தெளிவாக உள்ளனவா என்று பாருங்கள். ஒரு மூலை மட்டும் குழம்பியிருந்தால் அந்த லென்ஸ் எங்கோ விழுந்து எழும்பியது.

வெளிநாட்டிலிருந்து வருவதானால்

உறவினரிடம் ‘ஒரு நல்ல கமரா’ என்று சொல்லாதீர்கள். அவர் கடைக்காரரிடம் அதையே சொல்வார். கடைக்காரர் தேங்கிக் கிடப்பதைக் கொடுப்பார். உடலின் பெயரையும் லென்ஸின் முழுப் பெயரையும் எழுதி அனுப்புங்கள். உத்தரவாதம் வாங்கிய நாட்டில் மட்டுமே செல்லுபடியாகக்கூடும் என்பதால், பழுதென்றால் உங்கள் செலவு என்று எண்ணிக்கொண்டே வாங்குங்கள். யப்பானில் விற்பதற்கென்று செய்யப்பட்ட சோனி கமராக்கள் பலவற்றில் யப்பானிய மொழி மெனு மட்டுமே இருக்கும். இணையத்தில் மலிவாகத் தெரிபவற்றுள் இவையும் உண்டு.

நாணய மதிப்பையும் கவனியுங்கள். 2022 இல் சில வாரங்களுக்குள் ஒரு டொலர் 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபா அளவுக்குப் போனபோது, அதற்கு முதல் மாதம் ‘இன்னும் கொஞ்சம் சேர்த்து வாங்குவோம்’ என்று இருந்தவர்களுக்குக் கமரா கண்ணுக்கெட்டாமற் போய்விட்டது. அந்தக் காலத்தில் பாவித்த பொருள்களின் விலையும் கூடவே ஏறியது.

நாலாம் படி: ஒரு வருடம், இரண்டு லென்ஸ்

உடலோடு வரும் 18-55 மி.மீ. லென்ஸைப் பலர் இளக்காரமாகப் பேசுவர். பகல் வெளிச்சத்தில், எஃப் 8 இல், அது எடுக்கும் படத்தை விலைகூடிய லென்ஸின் படத்திலிருந்து பிரித்தறிவது இலகுவல்ல. வயல், குளம், பனங்கூடல், முறிகண்டியில் கச்சான் விற்கும் வரிசைக் கடைகள் ஆகிய எல்லாவற்றுக்கும் அது போதும். அது கைவிடும் இடம் இரவு.

வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கல் இரவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் பொங்கல் பானையடியில் எரியும் நெருப்பு, இன்னொரு பக்கம் குழல் விளக்கு, இடையில் இருட்டுக்குள் நகரும் சனம். 55 மி.மீ. இல் அந்த லென்ஸ் எஃப் 5.6 க்கு மேல் திறக்காது. ஆட்கள் ஆடாமல் நிற்க 1/100 செக்கன் வேண்டுமென்றால் ஐஎஸ்ஓவை, அதாவது சென்சரின் ஒளியுணர்வை, 12800 வரை கூட்ட நேரும். முகங்கள் மணல் தூவினாற்போல வரும். அதே இடத்தில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் கிட்டத்தட்ட பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். ஐஎஸ்ஓ 1250 அல்லது 1600 போதும்.

இப்போது இதை உடல் மாற்றுவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மேலே சொன்ன உடல்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சரின் பரப்பைவிட 36க்கு 24 மி.மீ. அளவுள்ள முழுச்சட்ட சென்சரின் பரப்பு ஏறத்தாழ 2.3 மடங்கு. அதாவது பெரும் பணம் கொடுத்து முழுச்சட்ட உடலுக்கு மாறினால் கிடைக்கும் ஆதாயம் ஒரு ஸ்டொப்புக்குச் சற்றே கூட (ஒளி இரண்டு மடங்காவது ஒரு ஸ்டொப்). அந்தப் பணத்தில் சிறு பங்குக்குக் கிடைக்கும் ஒரு லென்ஸ் தரும் ஆதாயம் மூன்று ஸ்டொப்புக்கு மேல். கொப்பியில் ‘வெளிச்சம் போதவில்லை’ என்று நிறைய எழுதியிருப்பவர்கள் முதலில் போக வேண்டிய இடம் இதுதான். வீட்டுக்குள்ளும் கோயில் மண்டபத்துக்குள்ளும் கூடுதலாக எடுப்பவருக்கு 50 மி.மீ. சற்று நெருக்கமாக இருக்கும். நிக்கொனின் டிஎக்ஸ், அதாவது ஏபிஎஸ்-சி, உடல்களுக்கான 35 மி.மீ. எஃப் 1.8, கெனனின் 24 மி.மீ. எஃப் 2.8 ஆகியவை அங்கே வசதி.

இந்த இரண்டு லென்ஸுடன் ஒரு முழு வருடம் இருங்கள். காலபோக விதைப்பிலிருந்து அறுவடை வரையும், பிறகு சோளகக் காற்றும், மறுபடி மாரியும் என்று ஒரு சுற்று முடியுமுன் எது உங்கள் விருப்பம் என்பது உங்களுக்கே தெரியாது. பறவைக்கென்று தொடங்கியவர் கடற்கரையில் கரைவலை இழுப்பவர்களைத் தேடிப் போவதையும், மனிதர்களை எடுக்கவென்று தொடங்கியவர் தும்பியும் வண்ணத்துப்பூச்சியுமாக முடிவதையும் கண்டிருக்கிறேன்.

ஐந்தாம் படி: தூரம்

சுண்டிக்குளத்துப் பூநாரைக் கூட்டத்தையோ வங்காலைச் சதுப்பில் இறங்கும் தாராக்களையோ ஒரு முறை பார்த்தவருக்கு நீண்ட லென்ஸ் ஆசை வராமல் இராது. வலசைப் பறவைகளின் காலம் ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை. அதற்கு முன்னர் வாங்கிப் பழகிக்கொள்வது நல்லது.

முதலில் கெனனின் 55-250 அல்லது நிக்கொனின் 70-300 போன்ற இலகுவான லென்ஸ் ஒன்றை வாங்குங்கள். ஏபிஎஸ்-சி உடலில் 300 மி.மீ. என்பது முழுச்சட்டத்தில் 450 மி.மீ. தரும் பார்வைக்குச் சமம். இந்த வேலைக்குச் சிறிய சென்சரே வசதி. மயில், கொக்கு, குளக்கரை மீன்கொத்திக்கு அது போதும். பறக்கும் பறவைக்கு 1/1600 செக்கனுக்குக் கீழே இறங்காதீர்கள். ஒரு பருவம் முழுதும் அதனுடன் திரிந்த பிறகும் ‘தூரம்’ என்ற சொல் கொப்பியில் வந்துகொண்டே இருந்தால், அப்போது 150-600 மி.மீ. லென்ஸ்களைப் பாருங்கள். சிக்மா, டாம்ரொன் இரண்டிலும் உண்டு. ஏறத்தாழ இரண்டு கிலோ எடை. அதை மோட்டார் சைக்கிளில் கொண்டு திரிவதற்கும், மணலில் அரை மணித்தியாலம் தூக்கிப் பிடிப்பதற்கும் உங்கள் தோள் ஒத்துக்கொள்கிறதா என்று யாரிடமாவது ஒரு நாள் இரவல் வாங்கிப் பாருங்கள்.

600 மி.மீ. லென்ஸும் வெல்ல முடியாத ஒன்று வன்னி வெயில். காலை ஒன்பது மணி தாண்டியதும் வற்றிய குளத்தின் தரையிலிருந்தும் உப்பளவெளியிலிருந்தும் சூட்டுக் காற்று எழும்பித் தளும்பத் தொடங்கும். அதனூடாக எடுத்த தூரத்துப் படம் தண்ணீருக்குள்ளிருந்து பார்த்தது போலக் குழைந்துவிடும். லென்ஸ் பழுதென்று திருப்பிக் கொடுக்கப் போனவர்களும் உண்டு. ஆறு மணிக்கே போய், பதிந்து இருந்து, பறவை கிட்ட வரும்வரை காத்திருப்பதுதான் வழி. நின்றுகொண்டிருக்கும் முச்சக்கர வண்டிக்குள் இருந்தால் பறவைகள் பொருட்படுத்துவதில்லை. நடந்து போனால் இருநூறு மீற்றரிலேயே எழும்பிவிடும். சுண்டிக்குளம் தேசியப் பூங்கா என்பதால் வனசீவராசிகள் திணைக்களத்தின் விதிகள் அங்கு பொருந்தும். படைமுகாம்களின் பக்கம் நீண்ட லென்ஸைத் திருப்பவே வேண்டாம்.

ஆறாம் படி: பாதுகாப்பு

இது லென்ஸ் வாங்கியபின் யோசிக்க வேண்டியதல்ல. அதனுடனேயே வாங்க வேண்டியது. காற்றின் ஈரப்பதன் நீண்ட காலம் 60 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும், எங்கள் மாரியில் அது மாதக்கணக்கில் அதற்கு மேல்தான் இருக்கும். இறுக்கமாக மூடும் பிளாஸ்ரிக் பெட்டி, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், ஈரப்பதன் காட்டும் சிறு மானி ஆகிய மூன்றும் சேர்ந்தால் போதும். மானி 40க்கும் 50க்கும் இடையில் நிற்க வேண்டும். ஜெல் நிறம் மாறியதும் சட்டியில் மெல்லிய சூட்டில் வறுத்து மறுபடி பாவிக்கலாம். அரிசிக்குள் போட்டு வைக்காதீர்கள். தவிட்டுத் தூள் லென்ஸ் வளையத்துக்குள் போய்விடும். தோற்பையிலும் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து வந்ததும் உடலைச் சற்றே ஈரமான துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். கண்ணாடியில் மணல் இருந்தால் காற்றூதியால் ஊதிய பின்னரே துணி படலாம். மெமரி கார்ட்டில் போலிகள் நிறைய. வாங்கிய அன்றே முழுக் கொள்ளளவுக்கும் தரவு எழுதிச் சோதிக்கும் இலவச மென்பொருளால் பாருங்கள். மலிவான முக்காலி வேண்டாம், அதன் காசை மிச்சம் பிடித்து நல்லதொன்றுக்கு வையுங்கள்.

ஏழாம் படி: உடலை மாற்றுதல்

இதை வேண்டுமென்றே கடைசியில் வைத்தேன். கொப்பியில் ‘ஃபோகஸ் பிடிக்கவில்லை’ என்பது மற்றெல்லாவற்றையும் முந்தி நிற்கும்போதுதான் உடலை மாற்றும் காலம் வருகிறது. பறக்கும் பறவையின் கண்ணையும் ஓடும் பிள்ளையின் முகத்தையும் தானே தேடிப் பிடிக்கும் புதிய மிரர்லெஸ் உடல்கள் இந்த ஒரு விடயத்தில் பழைய எஸ்எல்ஆர்களை வெகுவாக முந்திவிட்டன. அதில் எனக்கு மறுபேச்சில்லை. வாங்குமுன் கணக்கை முழுதாகப் போடுங்கள். அடாப்டர், இரண்டாவது பற்றரி, வேகமான கார்ட் ஆகியவற்றோடு, கமரா மூலத்தரவாகப் பதியும் பெரிய ரோ கோப்புகளைத் திறக்கத் திணறும் கணினியும் அந்தக் கணக்கில் சேரும். முழுச்சட்டத்துக்கு மாறினால் ஏபிஎஸ்-சிக்கென்று வாங்கிய லென்ஸ்களுக்கும் மாற்று வேண்டும். இந்தத் தொகையைப் பார்த்தபின் பலர் ஏபிஎஸ்-சி மிரர்லெஸ்ஸிலேயே நின்றுவிடுகின்றனர், அது நல்ல முடிவும்கூட.

பழைய உடலை விற்க அவசரப்படாதீர்கள். கிடைக்கும் தொகை அனேகமாக மனவருத்தம் தரும். என்னுடைய டி3300 இல் 35 மி.மீ. லென்ஸ் நிரந்தரமாகப் பூட்டியே கிடக்கிறது. புதிய உடலில் நீண்ட லென்ஸ். கடற்கரையில் மணற்காற்று வீசும்போது லென்ஸைக் கழற்றிச் சென்சரைத் திறந்து காட்ட வேண்டிய தேவை அதனால் இல்லாமற் போயிற்று. மோட்டார் இல்லாத அந்த உடலுக்குப் பொருந்தாத 70-300 இன்னும் பெட்டிக்குள் இருக்கிறது. பத்திரிகைத் தாள் பரிசோதனையில் நாலு மூலையும் தெளிவு.